படத்தில் இருப்பது உன் கை அல்ல

அன்புள்ள மகளுக்கு,

நானும் அம்மாவும் நலம். நீ நலமா என்று வழக்கம்போல் எழுதப் போய்ப் பேனா நின்றுவிட்டது. அதை அந்த மருத்துவமனையிலிருந்து நீயே எழுது, காத்திருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. கீழ்வீட்டுத் தையல்காரர் வீடு மாறிவிட்டார். போன வாரம் நீ தொலைபேசியில், பதினாலு வயசுப் படத்தை அனுப்புங்கப்பா, அதுல இருக்கற மாதிரி ஆயிட்டா நான் சாப்பிட ஆரம்பிச்சுடுவேன், என்றாய். அது உன் அத்தை வீட்டுக் கூடத்தில் அல்லவா தொங்கியது. அவள் மேல் எனக்கு இருபது வருடக் கோபம். உனக்குத் தூணு என்று பெயர் வைத்தவள், வருகிறவர்களிடமெல்லாம் அந்தப் படத்தைக் காட்டி, எங்க தூணு ஒரு காலத்துல எப்படி இருந்தா பாருங்க, இப்ப ரெண்டு கதவையும் திறந்து விடணும், என்று சிரித்தவள். நான் பயந்தவன், அப்போதெல்லாம் என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த முறை அவள் உன்னைச் சொன்னதையெல்லாம் ஒரு தாளில் எண் போட்டு எழுதினேன், பத்து வந்தது. ஞாயிற்றுக்கிழமை அவளுடைய சம்பந்தி வீட்டார் வந்திருந்த நேரமாகப் பார்த்துப் போய், நடுக்கூடத்தில் நின்று ஒன்று முதல் பத்து வரை வாசித்தேன். அவள் முகம் செத்துப்போனதைப் பார்க்க இனித்தது. பொய் சொல்ல மாட்டேன். விளையாட்டுக்குச் சொன்னதையெல்லாம் வக்கீல் மாதிரி எழுதிட்டு வந்திருக்கியே அண்ணா, படம் புடிச்சது யாரு, நீதானே, என்றாள். படத்தைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

எங்களுக்கு ஒரு பிரதி போட்டுக்கொள்ள நெகட்டிவைத் தேடினேன். தேதிவாரியாக அடுக்கியிருந்ததால் உடனே கிடைத்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நெகட்டிவில் உன் கை உருண்டையாக, நன்றாக இருக்கிறது. படத்தில் தோளிலிருந்து முழங்கை வரை இரண்டு ஓரமும் பின்னணியின் சாம்பல் நிறத்தால் மூடப்பட்டிருக்கிறது, கன்னமும் கொஞ்சம். அந்தத் தூரிகை இழுப்பு என்னுடையது. நம் ஸ்டூடியோவில் டச்சிங் செய்தவன், படத்தின் குறைகளைத் தூரிகையால் மறைத்தவன், நான் ஒருவன்தான். செய்த நினைவே இல்லை, அதுதான் கொடுமை. மணப்பெண்களை யாரும் கேட்காமலே மெலிய வைத்துப் பழகிய கை, உன்னிடமும் என்னைக் கேட்காமல் அதைச் செய்திருக்கிறது. நீ தட்டில் மிச்சம் வைத்தபோதெல்லாம் சமத்து என்று சொன்ன என் வாயும் அப்படித்தான் சொல்லியிருக்கும். ஆகையால், கண்ணு, நீ பட்டினி கிடந்து எட்டப் பார்க்கும் உடம்பு உனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. அது நான் வரைந்தது.

பட்டியலில் பதினொன்றாவதாக என்னை எழுதினேன். நெகட்டிவிலிருந்து பெரிதாகப் பிரிண்ட் போட்டு, அத்தை வீட்டில் அதே ஆணியில் மாட்டினேன். இதைக் கழற்றினால் பட்டியலைத் தெருவெல்லாம் படிப்பேன், அதில் இப்போது நானும் இருக்கிறேன், எனக்கு இனி வெட்கமில்லை என்றேன். தண்ணீர் வேண்டுமா என்றுகூட அவள் கேட்கவில்லை. அவள் கணக்கை முடித்தாயிற்று. மிச்சமிருப்பவன் நான். இத்துடன் அந்தப் பழைய படமும், நெகட்டிவிலிருந்து உனக்கென்று போட்ட இன்னொரு பிரதியும் இருக்கின்றன. மெலிந்ததைக் கிழிக்க எடுத்தேன். நானே கிழித்தால் என் தப்பை நானே மறைத்ததாகிவிடும் என்று கீழே வைத்துவிட்டேன். அதன் பின்புறம் என் கையெழுத்து இருக்கிறது. அதையும் சேர்த்து நீ கிழி, பொடிப்பொடியாக.

உன் உடம்பு உனக்கே திரும்பி வரட்டும் என்று நாங்கள் இருவரும் வாழ்த்துகிறோம். மருத்துவர் சொல்வதைக் கேள். கிழித்த பிறகு ஒரு வரி எழுது, திட்டாக இருந்தாலும் சரி.

இப்படிக்கு,
பதினொன்றாவது ஆள்,
உன் அப்பா