போட்டோவில் நீயும் இருக்கிறாய்

மில்பிடாஸ்
11-10-1994, செவ்வாய்

அன்புத் தம்பி திருமூர்த்திக்கு,

நாங்கள் நலம் என்று ஆரம்பிப்பதுதான் என் வழக்கம். இன்றைக்கு உன் நலத்தைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொல்லாமல் ஏன் காகிதம் என்று யோசிப்பாய். போன் பில்லில் உன் டெக்சாஸ் நம்பர் விழும், அதனால்தான். எக்ஸ்பிரஸ் மெயிலில் போடுகிறேன், நாளைக்கே கிடைத்துவிடும். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

இதோடு ஒரு நோட்டீஸ் இருக்கிறது, பார். கவர்னர் எலக்‌ஷனுக்கு உன் மாமா வேலை செய்கிறார் என்று போன மாதம் சொன்னேனே, அந்தக் கட்சி ஆபீஸ் அச்சடித்தது. மேலே பெரிய எழுத்தில் 'நாங்கள் வரிசையில் நின்று வந்தோம்' என்று இங்கிலீஷில் போட்டிருக்கிறார்கள், சட்டப்படி காத்திருந்து வந்தவர்களாம். கீழே 'கிட்டுசாமி குடும்பம், மில்பிடாஸ்.' படம், இந்த வீட்டுக் கிரகப்பிரவேசத்தன்று எடுத்ததுதான். நான், மாமா, நடுவில் ரோஷினி, பக்கத்தில் அந்தச் சிவப்புச் சட்டையில் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நீ. நாற்பதாயிரம் வீட்டுக்குப் போயிருக்கிறதாம். உன் கல்யாணப் பத்திரிகைகூட அத்தனை வீட்டுக்குப் போகாது.

மாமா மூன்று போட்டோ கொடுத்தாராம். நாங்கள் மூவர் மட்டும் ஸ்டூடியோவில் எடுத்ததும் அதில் இருந்தது. ஆபீஸை நடத்தும் கேரல் என்கிற அம்மாள் இதைத்தான் எடுத்துக்கொண்டாள். குடும்பம் பெரிதாகத் தெரிகிறது, நாம் சொல்ல வருவதே குடும்பத்தைத்தானே என்றாளாம். நீ யாரென்று அவள் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. தெரிந்தேதான் கொடுத்தீர்களா என்று சண்டை பிடித்தேன். "அன்னைக்கு அவன் விசாவுலதானே இருந்தான். போட்டோல என்ன பொய் இருக்குது?" என்றார். அவர் நியாயம் எப்போதும் அப்படித்தான், தேதி பார்த்துப் பேசுவார்.

அவரைத் திட்டுகிறேன் என்று நினைக்காதே. வரியைக் குறை, குடும்பத்தைக் காப்பாற்று, சட்டப்படி நட என்று அவர்கள் பேசுவதெல்லாம் இவர் வாழ்ந்து பார்த்தது. கிரீன் கார்டு பேப்பர் பாதியில் நின்றபோது என் மாமனார் இறந்துபோனார். நாட்டை விட்டுப் போனால் மனு செல்லாமல் போகும் என்று வக்கீல் சொன்னதால், இவர் கொள்ளி வைக்கக்கூடப் போகவில்லை. பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். போன வாரம் மேடையில் அதை அவர் சொன்னார். அவருக்கு அடுத்துப் பேசியவர், விசா முடிந்தும் தங்கியிருக்கிறவர்களை ஒருவர் விடாமல் அனுப்ப வேண்டும் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், தம்பி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு பத்திரிகைக்காரர் போன் பண்ணினார். நாங்கள் பின்பக்கம் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தோம், ரோஷினி எடுத்துவிட்டாள். போட்டோவில் இருக்கிறவர்களெல்லாம் யார் என்று கேட்டிருக்கிறார். சிவப்புச் சட்டை என் மாமா, டெக்சாஸில் இருக்கிறார் என்று சொல்லியிருக்கிறாள். அவளைக் கோபித்து என்ன செய்ய? பொய் சொல்லக் கூடாது என்று வளர்த்தது நாங்கள்தான். அவர் சனிக்கிழமை வீட்டுக்கு வருகிறார். நீ எப்படி வந்தாய், என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்கத்தான் கேட்பார். வரிசையில் வந்த குடும்பத்தில், விசிட்டர் விசா முடிந்து மூன்று வருஷமாக ஒருவன் பெட்ரோல் விற்கும் கேஸ் ஸ்டேஷனில் வேலைக்கு நிற்கிறான் என்று நாலு வரி வந்தால் போதும். எதிர்க்கட்சிக்காரர்களுக்கு அல்வா. உன்னைத் தேடி ஆபீசர்கள் வருவார்கள்.

வராதே என்று அந்த ஆளைத் தடுத்துவிடலாமே என்றேன். ஒளித்தால் இன்னும் தோண்டுவார்கள் என்கிறார் மாமா. பொய்யும் சொல்லமாட்டார். அதனால் அவராக ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். டல்லாஸிலிருந்து மெட்ராஸுக்கு உன் பெயரில் வெள்ளிக்கிழமை டிக்கெட். அதுவும் இந்தக் கவரில் இருக்கிறது. நீ ஏறிவிட்டால், ஊருக்குப் போய்விட்டான் என்று சனிக்கிழமை அவர் தலைநிமிர்ந்து சொல்லலாம். உனக்காக நான் போட்ட மனு அப்படியே நிற்கும், முறைப்படி திரும்பி வரலாம், பிடிபட்டால்தான் எல்லாம் போகும் என்கிறார். அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. உன்னைப் போகச் சொல்லி எழுதத்தான் என்னை உட்கார வைத்திருக்கிறார்.

ஆனால் அந்த மனு நம்பர் வர இன்னும் பத்து வருஷம் ஆகும். ஊரில் மில் மூடிக் கிடக்கிறது. உனக்கு முப்பத்திரண்டு வயது. அங்கே போய்க் காத்திரு என்று எந்த வாயால் சொல்வேன்?

இதற்கு மேல் எழுதுவது மாமாவுக்குத் தெரியாது. போவதும் இருப்பதும் உன் இஷ்டம். இருப்பதென்றால் அந்த ஆலன் ஊரில் இருக்காதே. நாளைக்கே ரூமைக் காலி பண்ணு, அந்த வேலையையும் விடு. எங்கே போகிறாய் என்று யாரிடமும் சொல்லாதே. முக்கியமாக எனக்குச் சொல்லாதே. போன் பண்ணாதே, ரோஷினி பிறந்தநாளுக்குக்கூட. என் தம்பி எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது என்று சனிக்கிழமை நான் சொல்லப்போகிறேன். அது உண்மையாக இருக்க வேண்டும். இந்த வீட்டில் பொய் சொல்லிவிட்டு என்னால் இருக்க முடியாது.

நீ ஊருக்குப் போனால் அம்மாவின் கடிதத்தில் தெரிந்துவிடும். போகாவிட்டால் எதுவுமே தெரியாது. இரண்டில் எதைக் கேட்பது என்று தெரியாமல் காலையில் சாமி விளக்கை ஏற்றிவிட்டுச் சும்மா நின்றேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. குளிர் வருகிறது, நான் அனுப்பிய ஸ்வெட்டரைப் போட்டுக்கொள். மனசு கேட்காவிட்டால் நோட்டீஸை மட்டும் வைத்துக்கொள், நாம் எல்லோரும் சேர்ந்து எடுத்த படம் வேறு இல்லை. எங்கே இருந்தாலும் நன்றாக இரு, ராசா. அக்காவுக்குப் பதில் மட்டும் போட்டுவிடாதே.

உன் அக்கா,
வசந்தாமணி