பஞ்சிடம் அப்பா சொன்ன பொய்

செல்லக் கண்ணு,

நான் இங்கே முழு நலம், உன் அப்பா முக்கால் நலம், நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு முழு நலமாக இருக்க வேண்டும். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று போனில் சொன்னோமே, அது நிஜம்தான். சொல்லாமல் விட்டதை எழுதுகிறேன், படித்ததும் டிக்கெட் எடுக்க ஓடாதே. முதுகைத் திறக்காமல் இடுப்பின் பக்கவாட்டில் நுழைந்து முதுகெலும்பைச் சரிசெய்யப் போவதாகச் சொன்ன டாக்டரம்மா, அந்த வழியில் இருக்கிற தசைக்குள்ளேதான் காலுக்குப் போகும் நரம்புகள் ஓடுகின்றன, எவ்வளவு பார்த்து விலக்கினாலும் அழுந்திவிடலாம், தொடை மரத்துப் போகலாம், முட்டி வலுவிழக்கலாம், பெரும்பாலும் போகப் போகச் சரியாகிவிடும், ஆனால் தன்னிடம் எதையும் மறைக்கக் கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னார். யாரிடம் சொன்னார் பார்! கார் ஓட்டக் கற்றுக்கொடுத்து, கை நடுங்குகிறவர்களைக்கூட லைசென்ஸ் பரீட்சையில் பாஸ் பண்ண வைக்கிற மனுஷனிடம்!

ஆபரேஷனுக்கு மறுநாள் கண்ணை மூடச் சொல்லி, தொடையில பஞ்சு படும்போது சொல்லுங்க என்றார் டாக்டரம்மா. உன் அப்பா முதல் பெஞ்சுப் பையன் மாதிரி தெரியுது, தெரியுது, இப்பவும் தெரியுது என்று அடுக்கிக்கொண்டே போனார். பஞ்சு டாக்டரம்மா கையிலேயே இருந்தது, தொடைப் பக்கமே போகவில்லை! நர்ஸ் சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணைத் திறந்தவர் முகத்தில் அசடு வழிந்ததே, பார்க்கணும் நீ. ஆனால் முட்டியை நீட்டச் சொன்னபோது வலது கால் பாதியிலேயே தொய்ந்துவிட்டது. கற்றுக்கொள்கிறவர்கள் தடுமாறினால் மிதிக்க அவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டல்லவா, அதை மிதிக்கிற கால் அது. கால் போனால் அந்த சீட்டும் போச்சு என்று உள்ளுக்குள்ளேயே புழுங்கியிருக்கிறார். போதாததற்கு, உனக்குத் தெரிந்தால் புது வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்துவிடுவாயாம். டாக்டரம்மா கோபிக்கவே இல்லை, இதுல பாஸும் கிடையாது பெயிலும் கிடையாது சார், நீங்க உள்ளதைச் சொன்னாத்தான் நரம்பு தேறுதான்னு எனக்குத் தெரியும் என்றார்.

இன்று காலை மறுபடியும் பஞ்சு வந்தது. இந்தத் தடவை டாக்டரம்மா நிஜமாகவே தொட்டார். உன் அப்பா, தெரியலைங்க டாக்டர், பயமா இருக்கு என்றார். இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் வாயால் நான் கேட்டதே இல்லையடி, அழுதுவிட்டேன். அப்புறம் காலுக்குப் பயிற்சி கொடுக்கிறவர் வந்தார், அவர் சொன்னதையெல்லாம் அப்பா முனகாமல் செய்தார்.

மகராசியாக இரு, வேலையை விடாதே. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது எப்படி இருக்கீங்கப்பா என்று மட்டும் கேட்காதே, சூப்பர் என்று சொல்லித் தப்பித்துவிடுவார். பயமா இருக்காப்பா என்று கேள். அவர் பதில் சொல்லும்வரை போனை வைக்காதே.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா