சேகருக்குப் பல் விளக்குவது

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காலையிலேயே வெயில். அங்கன்வாடியில் எடை பார்க்கும் நாள். இருபத்திரண்டு பிள்ளைகள், இரண்டு பேர் வரவில்லை. ஆயா லீவு. நானே கூட்டி, நானே சமைத்து.

வீட்டில் சேகர் மூன்றாவது நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. காலை: அரை இட்லி. மதியம்: நாலு வாய் ரசம் சோறு, பாதி வெளியே. சாயந்திரம்: டீயில் ஊறிய பிஸ்கட் மூன்று. அது மட்டும் இறங்குகிறது. மோர் கொடுத்தால் ஊளையிடுகிறான். மணிக்கட்டால் தன் கன்னத்தில் தானே இடித்துக்கொள்கிறான்.

அத்தை இறந்து மூன்று மாதம் ஆகப்போகிறது. கடைசிப் பிள்ளையான இவனை முப்பத்து நாலு வருஷம் தானே தூக்கி, குளிப்பாட்டி, ஊட்டியவர். பிறவியிலேயே கைகால் விறைப்பு. பேச்சு இல்லை, 'ம்மா', 'ண்ணி' என்ற இரண்டு சத்தம் தவிர. இப்போது 'ம்மா'வை விட்டுவிட்டான். பசி, தாகம், எல்லாவற்றுக்கும் 'ண்ணி', அண்ணி நான்தான்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அம்மா நெனப்புல கீறான். செரியாப் பூடும்," என்றார். கரும்புக்குத் தண்ணீர் கட்டப் போய்விட்டார்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மப்பு. மழை இல்லை. வாங்க: துவரம்பருப்பு, சோப்பு, சேகருக்கு பிஸ்கட்.

மையத்தில் பிள்ளைகளுக்குப் பல் விளக்கச் சொல்லிக்கொடுத்தேன். பொம்மை வாய், பெரிய பிரஷ். மேலே, கீழே, உள்ளே, வெளியே. நன்றாகத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

இங்கேயாவது உண்மை எழுதுகிறேன். அத்தை போன முதல் வாரம் சேகருக்குத் தினமும் விளக்கினேன். கடித்துவிட்டான். ஆள்காட்டி விரல் நகம் கறுத்தது. பிறகு விரலில் பேஸ்ட், முன்பல் மட்டும். பிறகு ஈரத்துணி. ஆடி பிறந்த பிறகு அதுவும் இல்லை. வாய் நாறுகிறது. முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊட்டுகிறேன்.

அத்தை எப்படிச் செய்தார் என்று பார்த்ததே இல்லை. தோட்டத்துக் கதவு சாத்தியிருக்கும். "ஆ சொல்லு நைனா" என்று அவர் குரல், அவன் சிரிப்பு. அரை மணி நேரம். துணி துவைக்கப் போக முடியவில்லையே என்று எனக்கு எரிச்சல். பதினாறு வருஷத்தில் ஒருநாள் கூடக் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

அறைந்துவிட்டேன்.

பத்து மணிக்கு ஆபீஸில் மீட்டிங். புடவை கட்டிக்கொண்டு ஊட்ட உட்கார்ந்தேன். சோற்றைத் துப்பினான், முழுக்கப் புடவை மேல். இடது கன்னத்தில், விரித்த கையால். அப்படி ஒரு சத்தம் அவனிடமிருந்து வந்ததில்லை. வாசலில் அவர்.

"இன்னாச்சு?"

"நாக்கக் கடிச்சிகினான்."

வேறு புடவை கட்டிக்கொண்டு போனேன். மீட்டிங்கில் என்ன பேசினார்கள் என்று இப்போது ஞாபகம் இல்லை. சாயந்திரம் வந்து பார்த்தால் கன்னம் வீங்கியிருக்கிறது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வீக்கம் அதிகம். தொட விடவில்லை. என் கைதான். ஐஸ் ஒத்தினேன், மஞ்சள் பற்றுப் போட்டேன்.

அவர் கேட்பதற்கு முன்பே நானே, "கொளவி கொட்டிச்சி போலக்குதுங்க," என்றேன். "ஆங்," என்றார். கிட்டே வந்து பார்க்கக்கூட இல்லை. நல்லதாகப் போயிற்று.

டாக்டரிடம் போனால் எப்படி வீங்கியது என்று கேட்பார்கள். அங்கன்வாடி டீச்சர், பேச முடியாத கொழுந்தனை அடித்தாள். ஊர் முழுக்கப் போகும். நாளைக்கு வற்றிவிடும்.

ஆகஸ்ட் 14, வியாழன்

வற்றவில்லை. காய்ச்சல். மாத்திரையைப் பொடித்துச் சர்க்கரைத் தண்ணீரில் கொடுத்தேன். பாதி வழிந்தது.

முருகன் கோயிலுக்குக் கிருத்திகைக் கூட்டம் இறங்கத் தொடங்கிவிட்டது. ரயில் ரயிலாக மஞ்சள் துணி. பம்பைச் சத்தம் கேட்டால் எப்போதும் தலையாட்டுவான். இன்று இல்லை. 'ண்ணி'யும் இல்லை.

ஆகஸ்ட் 16, சனி, ஆடிக் கிருத்திகை

ஆஸ்பத்திரி வராண்டாவில் எழுதுகிறேன்.

காலையில் இடது கண் மூடியிருந்தது. எச்சில் விழுங்க முடியவில்லை. மூச்சில் கரகரப்பு. அவர் பார்த்தார். "கெளம்பு." அவ்வளவுதான் சொன்னார்.

ஊருக்குள் பஸ், ஆட்டோ எதுவும் விடவில்லை. சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனோம். எதிரே காவடி, காவடி, காவடி. வழி கேட்டுக் கத்திக்கொண்டே அவர் முன்னால். சேகருக்கும் ஏதோ வேண்டுதல் என்று நினைத்து ஒரு அம்மாள் அவன் நெற்றியில் விபூதி பூசினார். "முருகன் பாத்துப்பாரு, போங்க." கால் மணி நேர வழி. ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று.

டூட்டி டாக்டர் சின்னப் பெண். டார்ச் அடித்து உதட்டை விலக்கியவள் ஒரு நொடி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் ஊட்டும்போது திருப்புகிற மாதிரியே.

"வாய்க்குள்ள கடைசியா எப்பப் பாத்தீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

பல்லில் சீழ், கழுத்துக்கு இறங்கிவிட்டது, இங்கே முடியாது, சென்னைக்குப் போங்கள். ஆம்புலன்ஸ் கூட்டத்தைத் தாண்டி வரவேண்டும். காத்திருக்கிறோம்.

ஆகஸ்ட் 18, திங்கள், சென்னை

மயக்கம் கொடுத்துக் கழுத்தைக் கீறிச் சீழ் எடுத்தார்கள். பதினொரு பல் பிடுங்கினார்கள். மூச்சுக்குக் குழாய். கண்ணாடி வழியாகப் பத்து நிமிஷம் பார்க்கவிட்டார்கள்.

அவர் டீ வாங்கப் போனபோது பல் டாக்டரிடம் கேட்டேன். "நான் ஒரு அறை அறைஞ்சிட்டேன் சார். அதனாலயா?"

எழுதிக்கொண்டே சொன்னார். "அறைஞ்சதால வரலம்மா. கடவாப்பல்லு வேர் வரைக்கும் அழுகியிருக்கு. கொஞ்ச நாளா சாப்பிடாம இருந்திருப்பாரே? வலி. அவரால சொல்ல முடியல."

பிறகு நிமிர்ந்து, "தினமும் இனிப்பு ஏதாவது குடுப்பீங்களா?"

பிஸ்கட். ஒரு நாளைக்கு நாலு தடவை. அது மட்டும் இறங்குகிறதே என்று.

என்னால் வீங்கவில்லை என்று தெரிந்தால் நிம்மதி வரும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அழுகிய பல்லுக்கு மேலேயே அறைந்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

குழாய் எடுத்து மூன்று நாள். கஞ்சி குடிக்கிறான். என்னைப் பார்த்தான். சத்தம் இல்லை.

நர்ஸ் கற்றுக்கொடுத்தது, மறக்காமல்:
- எதிரே நிற்கக் கூடாது. பின்னால் நின்று, தலையை நம் மார்பில் சாய்த்து. மோவாய் தூக்கக் கூடாது, புரையேறும்.
- பழைய பிரஷ் காம்பில் துணி தடிமனாகச் சுற்றிப் பின்பல் நடுவில் வைத்தால் வாய் மூடாது. பல்லுக்கு நடுவே விரல் கூடாது.
- சின்னப் பிள்ளை பிரஷ். பேஸ்ட் அரிசி அளவு. கொப்புளிக்க வேண்டாம், ஈரத்துணியால் துடைத்தால் போதும்.
- தினமும் ஒரே இடம், ஒரே நேரம். தொடுவதற்கு முன் சொல்ல வேண்டும்.
- பிஸ்கட் நிறுத்த.
- வாரம் ஒருமுறை டார்ச் அடித்து உள்ளே பார்க்க.

"இவருக்கு யாரோ வருஷக்கணக்கா நல்லா பாத்திருக்காங்க. மிச்சம் இருக்கிற பல்லப் பாத்தாலே தெரியுது," என்றாள். என்னைச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சிரித்தாள். நான் திருத்தவில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

வீடு. தூறல். மையத்தில் பத்து நாள் வேலை பாக்கி.

காலையில் தோட்டத்தில் உட்கார வைத்துப் பின்னால் போய் நின்றேன். "பல்லு வெளக்கலாம் சேகர்," என்று சொல்லிவிட்டுக் கையைத் தூக்கினேன். தோளுக்குள் தலையை இழுத்துக்கொண்டான். கண்ணை இறுக்க மூடிக்கொண்டான். உடம்பெல்லாம் விறைப்பு. பிரஷை வைத்துவிட்டு வெறுமனே நின்றேன். பத்து நிமிஷம் இருக்கும்.

அவர் கிணற்றடியில். போய்ச் சொன்னேன். கொளவி இல்லீங்க, நான்தான் அடிச்சேன், அதனாலதான் ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போவல.

கால் கழுவிக்கொண்டே இருந்தார். தண்ணீர் தீர்ந்த பிறகும் சொம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நீ மீட்டிங் போனதும் நான் சோறு ஊட்னேன். என் மூஞ்சி மேலயே துப்பினான். ரெண்டு வெச்சேன்."

அவர் கையிலிருந்து சொம்பை வாங்கினேன்.

"கொளவின்னு நீயே சொன்ன. சரி, உட்டுட்டேன்."

தோட்டத்துக்கு வந்தார். சேகருக்கு எதிரே தரையில் குந்தி, அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நான் பின்னால். மறுபடி சொன்னேன், மறுபடி தலையை இழுத்தான். மூன்றாவது தடவை உதடு கொஞ்சம் விலகியது. முன்பல் நாலு விளக்கினேன். பின்பல்லுக்குப் போக முடியவில்லை. துணியில் ரத்தம். சாயந்திரம் மறுபடி பார்க்க வேண்டும்.