ஏழாம் பக்கத்தில் உன் பென்சில் வட்டம்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்பளவில் நலம், மனதளவில் எப்படி என்பதைக் கீழே எழுதுகிறேன். நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, தூங்கி, வகுப்புக்குப் போய்க்கொண்டு நலமாக இருக்கிறாய் என்று வைத்துக்கொள்கிறோம். போனில் பேசலாம்தான், ஆனால் பாதியில் நீ அழுவாய், நான் கத்துவேன், அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாள், சொல்ல வந்தது அப்படியே நிற்கும். அதனால்தான் காகிதம். இந்த செமஸ்டரோடு படிப்பை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்து பட்டறையின் ஆபீஸ் வேலையைப் பார்த்துக்கொள்ளப் போவதாக அம்மாவிடம் சொன்னாயாம். அந்தப் பேச்சை இன்றோடு விடு. என்ன நடந்தது என்பதை யாரோ சொல்லி அரைகுறையாகக் கேட்டிருக்கிறாய், முழுதாக நானே சொல்கிறேன்.

ஆலைகள் பதினெட்டு மாதமாகப் மோட்டார் ஓட்டுகிற மின் பேனல் புதிதாக ஒன்றுகூடக் கேட்கவில்லை, இருப்பதையே துடைத்துத் துடைத்து ஓட்டுகிறார்கள், அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை, அவர்கள் சரக்கை வாங்கவே ஆளில்லை. ஒன்பது பேர் இருந்த பட்டறையில் இப்போது மூன்று பேர், வெல்டர், நாம் கண்ணாடி என்று கூப்பிடும் ஃபிட்டர், பெயின்ட் அடிக்கும் உன் மாமா. இந்த மந்தத்தில் எல்லார் கண்ணிலும் படுவது அரசாங்க டெண்டர் ஒன்றுதான். குடிநீர் வாரியத்தின் நீரேற்று நிலையங்களுக்கு நாற்பது பேனல் கேட்டார்கள். முன்பு இப்படி ஒன்று வந்தால் மூன்று பேர் போடுவோம், இந்த முறை பதினொரு பேர். அதில் ஒருவர் போன வருடம் வரை பள்ளிச் சீருடை தைத்துக் கொடுத்தவர், அவர் டெண்டர் உறை திறந்த அன்று என்னிடமே வந்து, சார் இந்த பிரேக்கர்ங்கிறாங்களே, அது உள்ள வெக்கிறதா வெளிய வெக்கிறதா என்று கேட்டார். அவரைப் பார்த்துச் சிரித்தேன். அன்றைக்கு நான் சிரித்ததில் உருப்படியான சிரிப்பு அது ஒன்றுதான்.

அந்த டெண்டரின் தொழில்நுட்ப நிபந்தனைகளை எழுதியது நான்தான் என்பது உனக்குத் தெரியும். இரண்டு நிலையங்களில் மட்டமான பேனல் எரிந்து மூன்று நாள் குழாயில் தண்ணீர் வராமல் போன பிறகு, வாரியத்தின் உதவிப் பொறியாளர் பட்டறைக்கே வந்து, நீங்கதான் விவரம் தெரிஞ்சவர், எப்படிப்பட்டதா வாங்கணும்னு எழுதிக் குடுங்க, நான் ஃபைல்ல ஏத்திக்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டார். விவரம் தெரிந்தவர் என்று ஒரு வார்த்தை, அது போதாதா எனக்கு, பதினொரு பக்கம் எழுதினேன். விக்கிறவரே வாங்கறவருக்கு எழுதித் தரலாமா என்று அம்மா கேட்டாள், நமக்குச் சாதகமா ஒரு வரிகூட எழுதலையே, கறாராத்தானே எழுதறேன் என்றேன். தானே செய்யாமல் வாங்கி விற்கிற ஆள் எவனும் நுழையக் கூடாது என்றுதான் ஏழாம் பக்கத்தை எழுதினேன். ஆய்வகச் சோதனை அறிக்கை டெண்டர் போடுகிறவர் பெயரில் இருக்க வேண்டும், அது மூன்று வருடத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும், அந்த மூன்று வருடமும் சோதனை நடந்த நாளிலிருந்து, அறிக்கை அச்சான நாளிலிருந்து அல்ல. பழைய அறிக்கைக்குப் புது அட்டை போட்டுக் கொண்டுவருகிற ஆட்களை எனக்குத் தெரியும். நீ அப்போது விடுமுறைக்கு வந்திருந்தாய். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து படித்துவிட்டு மூன்றைச் சுற்றி பென்சிலால் ஒரு வட்டம் போட்டு, அஞ்சுன்னு போடுங்கப்பா, இவங்க டெண்டர் விடறதுக்குள்ள நம்மளுதே காலாவதி ஆயிடும் என்றாய். ரெண்டாம் வருஷம் படிக்கிறவ எனக்குச் சொல்லித் தர வேணாம் என்று நான் சொன்னது உனக்கு மறந்திருக்காது. எனக்கும் மறக்கவில்லை.

இரண்டு மாதத்தில் வரும் என்ற டெண்டர், நிதி வரவில்லை என்று பதினொரு மாதம் கழித்து வந்தது. நான் நம் அறிக்கையை எடுத்து அட்டையில் இருந்த தேதியைப் பார்த்தேன், பத்து நாள் மிச்சம் இருந்தது, உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். அட்டையில் இருப்பது அச்சான தேதி. சோதனை நடந்த தேதி உள்ளே மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. அடுத்தவன் ஏமாற்றக் கூடாது என்று வரி வரியாக எழுதத் தெரிந்த எனக்கு, என் காகிதத்தில் இரண்டு தாள் புரட்டத் தெரியவில்லை. உறை திறந்த அன்று மாடி ஹாலில் பதினொரு பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தோம், மின்விசிறி ஓடினால் காகிதம் பறக்கிறது என்று நிறுத்தி வைத்திருந்தார்கள், சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. எழுத்தர் நம் அறிக்கையில் நேராக மூன்றாம் பக்கத்துக்குப் போய், விரல் விட்டு எண்ணி, பத்தொன்பது நாள் தாண்டிடுச்சு, தள்ளுபடி என்று வாசித்தார். என் முகம் எப்படி இருந்ததோ, அவருக்கே ஒரு மாதிரி ஆகி, என்ன சார் பண்றது, எவனோ ஒரு மகராசன் இந்தக் கண்டிஷனை எழுதி வெச்சிருக்கான், பெண்டாட்டி பிள்ளை இல்லாத ஆளா இருப்பான் போல, கொஞ்சம்கூட ஈவு இரக்கம் கிடையாது என்றார். ஹாலே சிரித்தது. சீருடைக்காரர்கூடச் சிரித்தார். உதவிப் பொறியாளர் மட்டும் பேனா மூடியைத் திருகித் திருகி மூடிக்கொண்டிருந்தார். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய.

வேலை கிடைத்தது மொத்த வியாபாரி ஒருவருக்கு. அவருக்குப் பட்டறையே கிடையாது, ஒரு குடோனும் இரண்டு போனும்தான். அவருடைய சோதனை அறிக்கையை எல்லாரும் பார்க்கலாம் என்று மேசையில் வைத்தார்கள், நான் பார்த்தேன். அதில் பேனலின் உட்புறத்துப் படம் ஒன்று. வயர்க்கட்டில் நாலு விரல் இடைவெளிக்கு ஒரு முடிச்சு, ஒவ்வொரு முடிச்சும் உள்பக்கம் திரும்பியிருக்கிறது. நம் கண்ணாடியைத் தவிர எனக்குத் தெரிந்து யாரும் அப்படிக் கட்டுவதில்லை. இரண்டு வருடத்துக்கு முன் அந்த வியாபாரி நம்மிடம் ஒரே ஒரு பேனல் வாங்கிப் போனார், அதேதான், கதவில் இருந்த பெயர்த்தகடு மட்டும் மாறியிருந்தது. நான் போட்ட நிபந்தனைப்படி எல்லாம் சரி. போடுகிறவர் பெயரில் இருக்கிறது, மூன்று வருடத்துக்குள் இருக்கிறது. செய்தவர் யார் என்று நான் கேட்டு எழுதவே இல்லை. கண்ணாடியிடம் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அப்ப நான் பாஸ் ஆயிட்டேன், நீங்கதான் ஃபெயில் என்றார். அதற்கும் சிரிக்க வேண்டியிருந்தது.

போன புதன்கிழமை காலையில் அந்த வியாபாரியே நம் பட்டறைக்கு வந்தார். வெல்டரின் ஸ்டூலைத் தானே இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, நாப்பதையும் நீங்களே செஞ்சு குடுங்க தம்பி, பேரு எங்களுது, வேலை உங்களுது, உள்ள போற செம்புப் பட்டையை மட்டும் கொஞ்சம் மெலிசாக்கிக்குங்க, கதவைத் திறந்து எவன் அளக்கப் போறான் என்றார். உன் மாமா கையில் இருந்த பிரஷ்ஷை இறக்காமலே, அளந்துதான் வாங்கணும்னு மாப்பிள்ளையே எழுதி வெச்சிருக்காரு, ஒன்பதாம் பக்கம் பாருங்க என்றார். உன் மாமாவுக்கு வாயில் பூட்டு இல்லை என்பது உனக்குத் தெரியுமே. வியாபாரி என்னை ஏற இறங்கப் பார்த்து, ஓ, அந்த மகராசன் நீங்கதானா என்றார், பிறகு வெகுநேரம் சிரித்தார். கடைசியில், சரி, பட்டை நீங்க சொல்ற கனம், ரேட்டு நான் சொல்ற ரேட்டு என்று நாலு பக்க ஒப்பந்தம் ஒன்றை வைத்துவிட்டுப் போனார். அந்த ரேட்டில் மூன்று பேருக்கு எட்டு மாதம் சம்பளம் போடலாம், நமக்கு என்று எதுவும் நிற்காது. வேண்டாம் என்றால் அடுத்த மாதம் வெல்டரை அனுப்ப வேண்டும், அதற்கடுத்து கண்ணாடியை. நான் செய்யாவிட்டால் அவர் வேறு யாரையாவது பிடிப்பார், அந்த யாரோ பட்டையை மெலிதாக்குவான், மறுபடி எங்கேயாவது பேனல் எரியும். இருபதாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் அப்பவே சொன்னேனே என்று இதுவரை ஒரு தடவைகூட அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன், கொஞ்சம் ஆறியிருக்கும். தட்டை வைக்கிறாள், தண்ணீர் வைக்கிறாள், போய்விடுகிறாள். புதிதாக ஒரு பேனலைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறேன், முடிவு வர இரண்டு மாதம் ஆகும், அதில் எந்தத் தேதி எங்கே இருக்கும் என்பது இனி எனக்குத் தூக்கத்திலும் தெரியும். நீ வந்து இதில் செய்ய ஒன்றும் இல்லை. நீ வந்தால் நான்காவது ஆளுக்கும் சேர்த்து வேலை தேட வேண்டும், அவ்வளவுதான். படி. ஹாஸ்டல் மாடிப்படியில் சுவிட்ச் போர்டு சுடுகிறது என்றாயே, அதைத் தொடாதே, வார்டனிடம் வாயால் சொல்லாதே, தேதி போட்டு எழுதிக் கொடு, ஒரு நகல் நீ வைத்துக்கொள்.

இந்தக் கடிதத்தோடு அந்த நாலு பக்க ஒப்பந்தத்தின் நகலை வைத்திருக்கிறேன். நான் ஆறு தடவை படித்துவிட்டேன், எனக்கு எல்லாம் சரியாகத்தான் தெரிகிறது, அதுதான் பயமாக இருக்கிறது. அடுத்தவன் எங்கே ஏமாற்றுவான் என்று கண்டுபிடிக்கத் தெரிந்த நாற்பத்தொன்பது வயது ஆளுக்குத் தான் எங்கே ஏமாறுவோம் என்று தெரியவில்லை. நீ படித்துப் பார். எங்கெல்லாம் சந்தேகமோ அங்கெல்லாம் வட்டம் போட்டு, பதினெட்டாம் தேதிக்குள் என் கையில் கிடைக்கிற மாதிரி அனுப்பு. அது வரும்வரை நான் கையெழுத்துப் போட மாட்டேன். பழைய ஏழாம் பக்கம் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில்தான் இருக்கிறது, உன் வட்டத்தை நான் அழிக்கவில்லை.

உடம்பும் படிப்பும் உனக்குக் குறையில்லாமல் இருக்கட்டும். அம்மாவின் ஆசீர்வாதமும் என்னுடையதும். மறக்காதே, பதினெட்டாம் தேதி. பென்சிலாலேயே போடு, இந்த முறை திட்ட மாட்டேன்.

இப்படிக்கு,
அன்றைக்கு உன் பேச்சைக் கேட்டிருக்க வேண்டிய
அப்பா