நீ பெயர் வைத்த கொசு

பெட்டியைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசம் முகத்தில் அடித்தது. கூடவே நீயும் வந்துவிட்டாய். எந்த ஊரில் என்னென்ன கொசு இருக்கிறது என்று ஆற்றங்கரை முழுக்க நாம் அலைந்து சேர்த்த பெட்டி. ஓரத்தில், ஊசியில் குத்திய அந்த ஒற்றைக் கொசு. பாபநாசத்து மருத மரப் பொந்தில் நீ பிடித்தது. ஆற்றின் பெயரையே சூட்டி, புதிய இனம் என்று உலகத்துக்கு அறிவித்தாய்.

அது புதிய இனம் இல்லை. அதே பொந்துத் தண்ணீரிலிருந்து கொசுப்புழுக்களை எடுத்துவந்து இந்த மாதம் வளர்த்துப் பார்த்தேன். வளர்ந்து பறந்தவை மற்றதிலெல்லாம் உன் கொசுவேதான், முதுகில் மட்டும் வெள்ளைக் கோடு பளிச்சென்று இருக்கிறது. உன் கொசுவிலும் இருந்திருக்கும். பிடிக்கும்போது செதில் உரசி உதிர்ந்துவிட்டது. கோடு சேர்ந்தால் அது எல்லோருக்கும் தெரிந்த பழைய இனம்தான். இப்போது எழுதியிருக்கும் கட்டுரை வெளிவந்தால் நீ வைத்த பெயர் செல்லாது.

அச்சாவதற்கு முன் உன் வீட்டுக்காரரிடம் நேரில் சொல்லிவிடலாம் என்று நேற்று ஸ்ரீவைகுண்டம் போனேன். கூடத்தில் மாலை போட்ட உன் படத்துக்குப் பக்கத்தில் அந்தக் கொசுவின் படத்தையும் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்.

"வாழைக்குத் தண்ணி பாய்ச்சப் போனா மேலெல்லாம் கடிக்குது. அடிக்கத்தான் மனசு வர மாட்டேங்கு தங்கச்சி. அவ கொசுவா இருந்துட்டா?" என்று சிரித்தார்.

பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் கையில் ஒன்று வந்து உட்கார்ந்தது. அசையாமல் என் பக்கம் நீட்டினார். "இது அவளுதாம்மா?"

முன்பெல்லாம் அவர் இப்படிக் கேட்டால் நீ விடமாட்டாய். "புடிச்சிட்டு வாங்க, லென்ஸுல பாத்துட்டுச் சொல்லுதேன்" என்பாய். ஒருமுறை நான் முந்திக்கொண்டு ஏதோ சொல்ல, "ஏட்டி, பாக்காம பேரு சொன்னா அதுக்குப் பேரு குறி சொல்லுதது" என்று எரிந்து விழுந்தாய்.

லென்ஸ் என் பைக்குள்தான் இருந்தது. கட்டுரையும் இருந்தது. "ஆமா அண்ணாச்சி" என்றேன்.

அது வயிறு நிரம்பிப் பறக்கும்வரை அவர் கையை எடுக்கவே இல்லை.

வெட்கமாக இருக்கிறது. பெயரை அடித்ததற்கு நீ கோபப்படமாட்டாய். என் இடத்தில் நீயும் அதைத்தான் செய்திருப்பாய். உன் வீட்டிலேயே உட்கார்ந்து பார்க்காமல் பெயர் சொன்னேனே, அதை எந்த முகத்தோடு உன்னிடம் சொல்ல? நாளைக் காலையில் அதே பையைத் தூக்கிக்கொண்டு மறுபடி பஸ் ஏற வேண்டும். அதற்குள் அவர் எத்தனை கொசுவுக்குக் கையைக் கொடுத்திருப்பாரோ.