மால்ஷேஜ் மலையில் வந்த போன்

தாராவி, மும்பை
ஆகஸ்ட் 11

அன்பு மகள் கோகிலவாணிக்கு அப்பா எழுதுதேன். இங்க நானும் உங்க அம்மையும் நல்லா இருக்கோம், என் வலது முழங்கையில தோல் போனதைத் தவிர. நியூசிலாந்துல இப்ப கடுங்குளிருன்னு அம்மை சொன்னா, காதை மூடிட்டு டூட்டிக்குப் போ. இதை எழுத்துக்கூட்டியாவது நீயே படி, வேற யார்கிட்டயும் குடுக்காதே. போன்ல சொல்லலாம்னா இந்த ஒத்தை ரூம்ல அம்மை காதுல விழாம என்னத்தப் பேச. அதோட போன மாசம் நான் கத்தினதுல இருந்து நீ என் போனை எடுக்கவும் மாட்டேங்கே. ஆஸ்பத்திரி சிநேகிதிகளோட கிறிஸ்துமஸ் லீவுல நாலு நாள் பைக்குல மலை ரோடெல்லாம் சுத்தப்போறேன்னு நீ சொன்னே, போனா இந்த வீட்டுப் பக்கம் வராதேன்னு நான் சொன்னேன். அது கெடக்கட்டும், முதல்ல இங்க நடந்ததைக் கேளு.

நீ சொன்ன மாதிரி, இங்க விட்டுட்டுப் போன உன் பைக்கை ஞாயிறுதோறும் ஸ்டார்ட் பண்ணி வைக்குதேன். போன ஞாயிறு நம்ம குர்லா பட்டறைக்கு அடுத்த பட்டறை இஜாஸும் வெல்டர் தமிழ்செல்வனும் மால்ஷேஜ் மலைக்கு மழை பாக்கப் போறோம், நீரும் வாரும்னு கூப்பிட்டாங்க. அம்மைகிட்ட கல்யாண்ல ஒரு பார்ட்டியைப் பாக்கணும்னு பொய் சொல்லிட்டு உன் பைக்கையும் உன் ஹெல்மெட்டையும் எடுத்துட்டுப் போனேன். அந்த பைக்கை வாங்கினதுக்குச் நம்ம சால்ல உள்ள அத்தனை வீடும் கேக்க உன்னை ஏசினவன் நான்தான், சிரிச்சா சிரிச்சுக்கோ. முர்பாட் தாண்டி மலை ஏற ஏற ஒரே பனிமூட்டம், அவங்க ரெண்டு பேரும் முன்னால போயிட்டாங்க. ஒரு வளைவுல ஈரத்துல பிரேக்கை அழுத்தினேன் பாரு, பைக் ரோட்டோரம் படுத்துட்டு, நான் புல்லுக்கு அந்தப் பக்கம் ஓடையில கெடக்கேன், ஹெல்மெட் அதுபாட்டுக்கு உருண்டு போச்சு. தாடைப் பட்டி மாட்டலை. நீ என்ன சொல்லுவேன்னு தெரியும், சொல்லாதே.

அப்பதான் சட்டைப் பையில போன் அடிச்சுது. இஜாஸ்னு நினைச்சு எடுத்தா யாரோ ஒருத்தர் ஹிந்தியில, நீங்க அப்பாவா, உங்க பிள்ளையோட பைக் மால்ஷேஜ்ல விழுந்து கெடக்கு, ஹெல்மெட் மட்டும் இருக்கு, ஆளைக் காணோம், சீக்கிரம் வாங்கங்காரு. சத்தியமா சொல்லுதேன் ஏட்டி, விழுந்தது நான்தான்ங்கறதே எனக்கு மறந்து போச்சு. நீ கடல் தாண்டி இருக்கேங்கறதும் மறந்து போச்சு. என் மக எங்கே, உசிரு இருக்கான்னு அலறிட்டேன். போன்லயும் ஓடையிலயும் ஒரே குரல் கேக்கவும் அந்த மனுசன் எட்டிப் பாத்தாரு. அந்த வளைவுல சோளம் சுட்டு விக்கிறவராம். ஹெல்மெட்டுக்குள்ள நீ ஒட்டி வச்சிருந்த சீட்டைக் காட்டினாரு, அப்பான்னு இங்கிலீஷ்ல எழுதி என் நம்பர், கீழ உன் பிளட் குரூப். அந்த பைக்குக்காக நான் நாலு வருசமா உன்கிட்ட மல்லுக்கட்டினேன், நீ என் நம்பரைத் தலைமேல வச்சுட்டு ஓட்டியிருக்கே. அங்கேயே உக்காந்து அழுதுட்டேன். திரும்பி வந்த இஜாஸ் கால் ஒடிஞ்சிருச்சோன்னு என் காலைப் பிடிச்சுப் பிடிச்சுப் பாத்தான்.

பைக்குல ஒரு இண்டிகேட்டர் போச்சு, டேங்க் நெளிவைத் தமிழ்செல்வன் எடுத்துத் தந்துட்டான். குர்லா ஸ்டேஷன் படியில வழுக்கிட்டேன்னுதான் அம்மைகிட்ட சொல்லியிருக்கேன், நீயும் காட்டிக் குடுக்காதே. இனி உன் பயண விஷயத்துக்கு வாரேன். எனக்குப் பயம் போகலை, அது போகாது. ஆனா நான் சொன்ன சொல் தப்பு, நீ போயிட்டு வா தாயி. கூட வர்ற பிள்ளைகளை விட்டுத் தனியா முன்னால போகாதே, மூட்டம்னா ஓரமா நிப்பாட்டிரு, வெறும் வயித்தோட ஓட்டாதே. அங்க உள்ள ஹெல்மெட்ல பக்கத்துல இருக்கிற யார் நம்பரையாவது எழுது, அதுதான் புத்தி. அதுக்குக் கீழ என் நம்பரையும் எழுது, முன்னால 91 போடணும்.

இசக்கியம்மை உன் கூடவே வருவா, நல்லா இரு. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுதேன், எடு.

உன் அப்பா
பூலோகம்