மூணடித் தொட்டிக்கு மாறிய அஞ்சு மீன்

மார்ச் 9, திங்கள்

காலை எட்டு மணிக்கே வெயில் சுள்ளுனு. ஜெராக்ஸ் கடையை மதியம்தான் திறந்தேன். பென்னாகரம் ரோட்டில் ஒரு பல் ஆஸ்பத்திரியைக் காலி பண்ணுகிறார்கள். அங்கிருந்த மூணடிக் கண்ணாடித் தொட்டி இனி நம்முடையது. குட்டியானை வண்டியில் ஏற்றி, கீறல் விழாமல் பழைய போர்வை சுற்றிக் கொண்டுவந்தாச்சு.

சாந்தி வாசலிலேயே மறித்தாள். "வூட்டுல மனுசன் நடக்க எடமில்ல. மீனுக்கு பங்களாவா?"

பொண்டாட்டி கேட்பதும் நியாயம்தான். ஆனால் இப்போதுள்ள ஒன்றரை அடித் தொட்டியில் அஞ்சு தங்கமீன். பெரிய சிவப்பு திரும்பினாலே வால் கண்ணாடியில் இடிக்கிறது.

வேலை:
தொட்டி கழுவ. கல் உப்பு மட்டும். சோப்பு கூடாது.
அடியில் தெர்மாகோல்.
போர் தண்ணி ரொப்பி ரெண்டு நாள் விட.
பழைய ஃபில்டர் பஞ்சு, அலசாமல் அப்படியே.
கரண்ட் பில். மறக்கக் கூடாது.

மார்ச் 11, புதன்

கரண்ட் பில் மறந்தாச்சு.

மீன் மாற்றினேன். பழைய தண்ணியோடு கவரில் பிடித்து, புதுத் தொட்டியில் அரை மணி மிதக்கவிட்டு, அப்புறம் திறந்தேன். பெரிய சிவப்பு வெளியே வரவே யோசித்தது. வந்ததும் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒரே ஓட்டம். சாந்தி அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தாள். "ரொம்பத்தான் ஆடுது" என்றாள். கால் மணி நேரம் நின்றாள்.

மார்ச் 12, வியாழன்

தண்ணி லேசாகக் கலங்கல். புதுத் தொட்டியில் இப்படித்தான் ஆகும், மூணு நாளில் தெளியும்.

"ஏங்க, கழனித்தண்ணி கணக்கா இருக்குது?"

"அதுவே சரியாவும், சும்மா இரு."

அவ்வளவுதான் சொன்னேன். கடையில் ரேஷன் கார்டு நகல் கூட்டம்.

மார்ச் 13, வெள்ளி

தண்ணி வருகிற நாள். ஒகேனக்கல் குடிதண்ணி, அஞ்சு நாளைக்கு ஒருதரம். காலையில் குழாயில் குளோரின் மருந்து வாசம் தூக்கல். கவனித்தேன். கவனித்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டேன்.

சாயங்காலம் வந்தால் தொட்டி பளிங்காக இருக்கிறது. மூணு மீன் வயிறு மேலே. ரெண்டு மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடுகிறது.

"காலையில நல்லாத்தாங்க இருந்துச்சு. மதியத்துல இருந்து ஒண்ணொண்ணா சாயுது. போன் போட்டேன், நீங்க எடுக்கல."

"தண்ணிய மாத்துனியா?"

"பாதிய எடுத்துட்டு நல்ல தண்ணி ஊத்துனேன். நாலு கொடம். போர் தண்ணி குடிச்சா பல்லு காவியாவும், முட்டி போயிரும்னு மனுசனுக்கே சொல்றாங்க. அதுங்க நாள் பூரா அதுலயே கெடக்குதே, பாவம்."

வந்ததே ஆறு குடம். நமக்கு ரெண்டுதான் வைத்திருக்கிறாள்.

பழைய தொட்டியை நான் இன்னும் கொட்டவில்லை. நல்லவேளை. உயிரோடிருந்த ரெண்டையும் அதில் விட்டேன்.

மார்ச் 14, சனி

இன்னொன்றும் போச்சு. பெரிய சிவப்பு. கறிவேப்பிலைச் செடி ஓரம் நாலையும் புதைத்தேன். மிச்சம் ஒரு கறுப்புக் குட்டி.

சாந்தி தன் தங்கச்சியிடம் போனில்: "ஒரு நாள் முன்னாடியே நல்ல தண்ணி ஊத்தியிருந்தா பொழச்சிருக்கும்டி. நான்தான் லேட் பண்ணிட்டேன்."

கேட்டுக்கொண்டே சட்டைப் பொத்தான் போட்டேன். அவள் மேல் கோபம். என் மேல் அதைவிட. மருந்து தண்ணி மீனுக்கு ஆகாது என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"போர் தண்ணிதானேங்க கொன்னுது?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றேன். ராத்திரிச் சோறு வரைக்கும் என்னைத் திட்டினாள். திட்டட்டும் என்று இருந்துவிட்டேன்.

மார்ச் 16, திங்கள்

கறுப்பு தின்கிறது. கடையில் டோனர் தீர்ந்தது. கரண்ட் பில் கட்டியாச்சு, ஃபைனோடு.

மார்ச் 18, புதன்

மறுபடி தண்ணி. முதல் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே கறுப்பிடம் வந்தாள். "இதையாவது காப்பாத்துவோங்க."

குடத்தின் கழுத்தைப் பிடித்துக்கொண்டேன். வேறு வழியில்லை, சொன்னேன். நமக்கு நோய் வராமலிருக்க இதில் மருந்து கலக்கிறார்கள், நமக்கு ஒன்றும் செய்யாது, மீன் செவுளுக்குத் தாங்காது, ரெண்டு நாள் வெயிலில் வைத்தால் மருந்து போய்விடும்.

"அப்ப நான்தான்."

"தெரியாமத்தானே செஞ்ச."

"போர் தண்ணின்னு சொன்னீங்களே?"

குடத்தை இறக்கி வைத்துவிட்டு மறுபடி குழாயடிக்குப் போனாள். மீதிக் குடங்களையும் பிடித்தாள்.

குளித்துவிட்டு வருகிறேன், பழைய தொட்டி முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறாள். ஈரக்கை கண்ணாடியில்.

"எனக்குத் தெரியலடா சாமி. இருக்கறதுலயே நல்ல தண்ணின்னுதான்டா ஊத்துனேன்."

துண்டோடு பாத்ரூம் வாசலிலேயே நின்றேன்.